காதால் கற்கும் மின்னணுவியல்



வானொலியில் மணி அறிவிப்பதற்குச் சற்று முன்னால் 'பீப், பீப்' என்று சில சிறிய ஒலிகள் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வொலி குழலிலிருந்து வருவதன்று, நரம்பிலிருந்து வருவதுமன்று. மின்னோட்டம் ஒன்று நொடிக்குப் பல நூறு முறை ஓடியும் நின்றும் மாறிமாறி வருவதால் பிறப்பது அது. அத்தகைய ஓர் ஒலியை உங்கள் கையாலேயே, ஒரு மாலைப் பொழுதில், எழுப்பிப் பார்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. மின்னணுச் சுற்று எதையும் இதற்கு முன் கட்டியறியாத மாணவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

இப்பொழுதுபோக்கைத் தொடங்குவோர்க்கு ஒரு சிறு விளக்கை எரியவைத்துக் காட்டுவதே பெரும்பாலான நூல்களின் முதற்பாடமாக இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. விளக்கு எரியும், அல்லது எரியாது. அதற்கு மேல் அது நம்மோடு பேசுவதில்லை. அதை நொடிக்கு 100 முறை மினுக்கினாலும் 110 முறை மினுக்கினாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காது அப்படிப்பட்டதன்று. நொடிக்கு 400 அதிர்வு கொண்ட ஒலியையும் 410 அதிர்வு கொண்ட ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டால், இசைப் பயிற்சி இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் அவை வேறு வேறு என்று சொல்லிவிடுவர். ஆய்வுக்கூடத்திலே பெரும் விலை கொடுத்து வாங்கும் அளவுகருவி செய்யும் வேலையில் ஒரு பகுதியை, இயற்கை நம் தலையின் இருபுறமும் விலையின்றிப் பொருத்தியிருக்கும் இக்கருவி செய்துவிடுகிறது.

மேல்நிலை வகுப்புகளில் மின்தேக்கியைப் பற்றிப் படிக்கிறீர்கள். மின்தடையின் ஓம் அளவையும் மின்தேக்கியின் ஃபாரட் அளவையும் பெருக்கினால் கால மாறிலி கிடைக்கும் என்று எழுதுகிறீர்கள், மதிப்பெண்ணும் பெறுகிறீர்கள். ஆனால், ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் எப்படி நொடி வரும்? ஆயிரத்தில் ஒரு நொடி என்பது எவ்வளவு நேரம்? அது எவ்வாறு இருக்கும்? இவ்வினாக்களுக்கு விடை எழுத்தில் இல்லை. வாய்பாட்டைக் கையால் எழுதிய மாணவன் அதைக் காதாலும் கேட்டுவிட்டானானால், அது அவனுக்கு மறக்காது. நான் இன்று சொல்லப்போகும் சுற்றின் பயன் இதுவே. பீப் ஒலி அதன் உடன்பிறந்த இன்பம்.

பொழுதுபோக்காகச் செய்வது அற்பமான செயல் என்று எண்ணும் பெற்றோர் இருப்பின், அவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. இந்நாட்டில் அரசின் வானொலி நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே, பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆர்வலர்கள் கூடி வானொலிக் கழகங்கள் அமைத்தனர். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பவும் தொடங்கியது. பணமின்மையால் 1927-இல் அது மூடப்பட்டபோது, ஒலிபரப்பும் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. ஆக, நீங்கள் இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கும் இக்கலைக்கு நம் ஊரில் வித்திட்டவர்கள் பொழுதுபோக்காளர்களே.

இனி, செயலுக்கு வருவோம். மின்னோட்டத்தைக் கொண்டு ஒலி எழுப்ப மிகப் பழைய வழி ஒன்று உண்டு. அழைப்பு மணியைத் திறந்து பார்த்தவர்கள் அதை அறிவார்கள். கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்ததும், மின்னோட்டம் வந்த வழியே அறுந்துபோகிறது. காந்தம் மறைகிறது, தகடு வில்லின் விசையால் திரும்புகிறது, வழி மீண்டும் இணைகிறது. தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, நின்ற காரணத்தாலேயே மீண்டும் தொடங்கும் ஒரு செயல் இது. ஒலி எழுப்பும் சுற்றுகள் பலவற்றிலும் இந்தக் கருத்தே உயிராக இருக்கிறது. ஆனால் அழைப்பு மணியில் அசையும் இரும்பு உண்டு. அதன் எடையும் வில்லின் விறைப்புமே வேகத்தை முடிவு செய்கின்றன. நாம் கட்டப்போவதிலோ மின்சாரத்தைத் தவிர வேறெதுவும் அசையாது.

வேண்டிய பொருள்களைச் சொல்கிறேன்; எழுதிக்கொள்ளுங்கள். பி.சி. 547 என்னும் டிரான்ஸிஸ்டர் இரண்டு. 4.7 கிலோ ஓம் மின்தடை இரண்டு. அவற்றின் மேல் மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள் இருக்கும். 100 கிலோ ஓம் மின்தடை இரண்டு. அவற்றில் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். மின்தேக்கிகள் மூன்று வகையில் இவ்விரண்டு: 10 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட், 0.01 மைக்ரோ ஃபாரட். கடைசி இரண்டு வகையிலும் முறையே 104 என்றும் 103 என்றும் எண் பொறித்திருப்பார்கள். ஒலிக்குப் பீசோ தகடு ஒன்று; வாழ்த்து அட்டைகளிலும் கடிகாரங்களிலும் பாடுகிறதே, அந்த மெல்லிய பித்தளை வட்டம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று 1880-ஆம் ஆண்டில் ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்பது அவ்விளைவின் மறுபக்கம். இத்தகடு ஒலிப்பது அம்மறுபக்கத்தால்தான்.

மின்சாரத்திற்கு மூன்று டார்ச் மின்கலங்கள் போதும். தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். ஒன்பது வோல்ட் மின்கலம் வேண்டா. இந்தச் சுற்றில் டிரான்ஸிஸ்டரின் அடிவாய் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ மின்கலத்தின் அளவுக்கே எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. அத்திசையில் அது தாங்கக்கூடிய அளவு 6 வோல்ட் மட்டுமே. வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகியை இச்சுற்றின் பக்கமே கொண்டுவராதீர்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியையோ செல்பேசியின் மின்னூட்டியையோ பிரித்து உறுப்புகள் எடுக்கவும் வேண்டா; மின்செருகியைக் கழற்றிய பிறகும் அவற்றினுள்ளே உள்ள மின்தேக்கிகளில் அபாயமான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.

இவற்றை இணைப்பதற்குப் பற்றாசு தேவையில்லை. துளைகள் நிறைந்த பிரெட்போர்டு என்னும் பலகை கடைகளில் கிடைக்கிறது. கால்களைத் துளையில் செருகினால் போதும். பெயர்க்காரணம் வேடிக்கையானது. வால்வு ரேடியோக் காலத்து மேனாட்டுப் பொழுதுபோக்காளர்கள், சமையலறையில் ரொட்டி நறுக்கும் மரப்பலகையை எடுத்துவந்து அதன்மேல் ஆணியடித்து உறுப்புகளைப் பொருத்தினார்களாம். பலகை போயிற்று, பெயர் நின்றுவிட்டது.

வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகையால் சொல்லாலேயே வரைகிறேன். டிரான்ஸிஸ்டரின் தட்டையான முகம் உங்களை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கப் பிடியுங்கள். இடக்கால் ஏற்பான், நடுக்கால் அடிவாய், வலக்கால் உமிழ்ப்பான். இரண்டு டிரான்ஸிஸ்டர்களையும் இடமும் வலமுமாக வையுங்கள். இரண்டின் உமிழ்ப்பான்களையும் மின்கலத்தின் எதிர்முனையோடு இணையுங்கள். ஒவ்வோர் ஏற்பானிலிருந்தும் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று நேர்முனைக்குச் செல்லட்டும். ஒவ்வோர் அடிவாயிலிருந்தும் 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று அதே நேர்முனைக்குச் செல்லட்டும். இதுவரை இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நிற்கின்றன. இப்பொழுது குறுக்கே இரண்டு மின்தேக்கிகள்: இட ஏற்பானிலிருந்து வல அடிவாய்க்கு ஒன்று, வல ஏற்பானிலிருந்து இட அடிவாய்க்கு ஒன்று. பீசோ தகட்டின் ஒரு கம்பி வல ஏற்பானுக்கும் மற்றொன்று எதிர்முனைக்கும். இவ்வளவே சுற்று.

இதில் நடப்பது என்ன? நம் சிற்றூர்களில் ஒரே உரலில் இரு பெண்கள் மாறிமாறி உலக்கை போட்டு நெல் குத்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் உலக்கை இறங்கும்போது மற்றது மேலே இருந்தாக வேண்டும். இறங்கிய உலக்கையே அடுத்ததற்கு முறையைக் கொடுக்கிறது. நம் சுற்றிலும் இட டிரான்ஸிஸ்டர் கடத்தத் தொடங்கியதும், அதன் ஏற்பானின் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த வீழ்ச்சி மின்தேக்கியின் வழியே சென்று வல அடிவாயைக் கீழே இழுத்து, வல டிரான்ஸிஸ்டரை அடைத்துவிடுகிறது. பிறகு 100 கிலோ ஓம் மின்தடையின் வழியாக மின்னூட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. வல அடிவாய் ஏறத்தாழ 0.6 வோல்ட்டை எட்டியதும் வல டிரான்ஸிஸ்டர் திறந்துகொள்கிறது. திறந்த அக்கணமே இடப்பக்கத்தை அடைத்துவிடுகிறது. இவ்வாறு முறை மாறிமாறி வருகிறது. ஒரு முறை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஓமும் ஃபாரடும் நொடியாவது இங்கேதான்.

கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும்: 'இரு பக்கமும் முற்றிலும் ஒரே அளவாயின், முதல் உலக்கையை எடுப்பது யார்?' நல்ல கேள்வி. முற்றிலும் ஒத்த இரண்டு பொருள்களைத் தொழிற்சாலை செய்ததே இல்லை. இரண்டில் ஒன்று மயிரிழை முந்துகிறது. அந்த மயிரிழை போதும். இரு பக்கமும் உண்மையாகவே ஒத்திருந்தால், சுற்று எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நின்றுவிடக்கூடும்.

முதலில் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகளைச் செருகுங்கள். இவற்றிற்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு உண்டு. நேர்க்கால் ஏற்பானின் பக்கம் இருக்கவேண்டும். தகட்டைக் காதருகே வைத்தால், கடிகாரம்போல 'டிக்... டிக்...' என்று கேட்கும். இரு பக்கமும் ஒத்த சுற்றில் அதிர்வெண் என்பது 0.72-ஐக் கால மாறிலியால் வகுத்தால் வருவது என்பது நூல்களில் உள்ள வாய்பாடு. நம் கால மாறிலி சரியாக 1 நொடி. ஆகவே நிமிடத்திற்கு 43 'டிக்' வரவேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். உங்களுக்கு 43 கிடைக்காது. 35 கிடைக்கலாம், 48 கிடைக்கலாம். உடனே, வாய்பாடு பொய் என்றோ, கை பிசகிவிட்டது என்றோ எண்ணிவிட வேண்டா. இவ்வகை மின்தேக்கிகளில் எழுதிய அளவுக்கும் உண்மை அளவுக்கும் நூற்றுக்கு 20 வரை வேறுபாடு இருப்பது வழக்கம். அன்றியும், டிரான்ஸிஸ்டர் திறப்பதற்கு வேண்டிய அந்த 0.6 வோல்ட்டை வாய்பாடு கணக்கில் கொள்ளவில்லை. 4.5 வோல்ட்டில் அது புறக்கணிக்கத்தக்க அளவன்று. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 43 என்பது 40 ஆகிவிடும். எங்கே எவ்வளவு விலகும், ஏன் விலகும் என்று அறிந்துகொண்டவரே வாய்பாட்டைப் புரிந்துகொண்டவர்.

இப்பொழுது மின்தேக்கிகளை மாற்றி, 0.1 மைக்ரோ ஃபாரட் இரண்டைச் செருகுங்கள். அளவு நூறில் ஒரு பங்கு. ஆகவே வேகம் நூறு மடங்கு. நொடிக்குச் சுமார் 70 அதிர்வு. 'டிக் டிக்' என்பது மறைந்து, வண்டின் உறுமல் போன்ற ஓர் ஒலி எழும். அடுத்து 0.01 மைக்ரோ ஃபாரட். நொடிக்குச் சுமார் 700 அதிர்வு. தெளிவான, சற்றுக் கூரிய சுரம். சுற்றில் வேறெதையும் நாம் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணக்கூடிய தட்டல்களாக இருந்தவையே விரைந்து சுரமாயின. நொடிக்கு 20 முறை என்னும் அளவை ஒட்டி, காது தனித்தனியே எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. இந்த எல்லையை உங்கள் சொந்தக் காதில் கண்டறிய விரும்பினால், 0.47 மைக்ரோ ஃபாரட், 0.22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகளையும் வாங்கி இடையே செருகிப் பாருங்கள். சுரமாகிய பின்பு, கால மாறிலி எவ்வளவு தெரியுமா? ஆயிரத்தில் ஒரு நொடி. அது எப்படி இருக்கும் என்று முன்னே கேட்டேன், இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சங்கீதம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு தனி விருந்து உண்டு. மின்தேக்கிகளை அப்படியே விட்டு, இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளையும் எடுத்துவிட்டு, 150 கிலோ ஓம் உடையவற்றைச் செருகுங்கள். மின்தடை ஒன்றரை மடங்காயிற்று. அதிர்வெண் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். மூன்றுக்கு இரண்டு என்னும் இவ்விகிதம் என்ன? ஷட்ஜத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவல்லவா? முன்பு கேட்டது 'ப' என்றால், இப்பொழுது கேட்பது 'ஸ'. இனி, ஒவ்வொரு பக்கமும் 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டிரண்டாகத் தொடரில் வையுங்கள். முதற்சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். வீணையின் தந்தியில் நீளம் செய்யும் வேலையை இங்கே ஓம் செய்கிறது. மின்தடைகள் நூற்றுக்கு 5 வரை பிசகக்கூடியவை. பாடகரின் காதுக்கு அந்தப் பஞ்சமம் சற்று அபசுரமாகத் தோன்றலாம். அதற்கு மருந்து பின்னால் சொல்கிறேன்.

குழலின் ஒலியைவிட இவ்வொலி ஏன் இத்தனை கரகரப்பாயிருக்கிறது என்றும் கேட்கலாம். மின்னோட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கவில்லை. சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கிறது. அப்படிப்பட்ட அதிர்வில் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் ஏராளமாகக் கலந்திருக்கும். இக்காரணம் பற்றியே இச்சுற்று முதன்முதலில் தோன்றியது. முதல் உலகப் போரின் காலத்தில், ஆன்றி அப்ராம், எழேன் பிளாக் என்னும் பிரெஞ்சு இயற்பியலறிஞர் இருவர், வானொலி அலைகளின் மிகுந்த அதிர்வெண்ணை அளக்க வழி தேடினர். இரண்டு வால்வுகளைக் குறுக்கே பிணைத்து, அதன் ஒலிப்பில் அடங்கிய மேற்சுரங்களையே அளவுகோலாகக் கொண்டனர். பல அதிர்வுகளைத் தன்னுள் கொண்டது என்னும் பொருளில் அதற்கு மல்ட்டிவைப்ரேட்டர் என்று பெயரிட்டு, 1919-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உங்கள் பலகையில் இருப்பது அச்சுற்றுதான். வால்வு இருந்த இடத்தில், 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டரின் வழித்தோன்றல் இருக்கிறது. அவ்வறிஞர் இருவரும் யூதர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளால் கைதாகி, அவுஷ்விட்ஸ் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அப்ராம் 1943-இலும் பிளாக் 1944-இலும் உயிரிழந்தனர். மின்னணுவியல் நூல்களில் இச்சுற்று வரும் பக்கங்களில் இதை எழுதுவதில்லை. எழுதலாம் என்பது என் எண்ணம்.

இனி, மிக முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். முதன்முறை கட்டும்போது பெரும்பாலும் சுற்று ஒலிக்காது. எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும். தகடோ ஊமையாக இருக்கும். பலர் இவ்விடத்திலேதான் பலகையைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து செருகுகிறார்கள். ஒலித்தால் மகிழ்கிறார்கள், ஆனால் முன்பு ஏன் ஒலிக்கவில்லை என்பது அவர்களுக்கு என்றும் தெரியாது. இரண்டும் வேண்டா. பாதியாகப் பிரித்துச் சந்தேகப்படுங்கள். தகட்டைத் தனியே எடுத்து, மூன்று மின்கலங்களின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டால் 'டக்' என்று கேட்கவேண்டும்; கேட்டால் தகடும் மின்கலமும் நல்லவை. பிறகு தகட்டை வல ஏற்பானிலிருந்து இட ஏற்பானுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு டிரான்ஸிஸ்டரின் முகம் எப்பக்கம் பார்க்கிறதென்று நோக்குங்கள். குற்றவாளி பெரும்பாலும் இங்கே அகப்படுவான். சில பலகைகளில், விளிம்போடு ஓடும் நீண்ட வரிசை நடுவிலே துண்டாக இருக்கும், வெளியே தெரியாது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதுங்கள். ஊமையாக இருக்கும் சுற்றோடு அரைமணி நேரம் இப்படி வழக்காடியவர், ஒலிக்கும் சுற்றோடு ஒரு வாரம் விளையாடியவரைவிட மிகுதியாகக் கற்றிருப்பார்.

ஒலித்த பிறகு என்ன செய்வது? 100 கிலோ ஓம் மின்தடைகளில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். அவ்விடத்தில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும், அதனோடு தொடராக நுனி உரித்த இரண்டு கம்பிகளும் வையுங்கள். கம்பிகள் சேராதவரை சுற்று பேசாது. இரண்டு நுனிகளையும் இரு விரல்களால் பற்றினால் உங்கள் தோலே மின்தடையாகிப் பாடும்; அழுத்திப் பிடித்தால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். கை ஈரமானால் இன்னும் ஏறும். சிறுவர்கள் இதை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள்.

அதே கம்பிகளை ஒரு குவளையின் விளிம்பில் உள்நோக்கி வளைத்து மாட்டுங்கள். தண்ணீர் நுனிகளைத் தொட்டதும் சுற்று கூவும். பார்வையற்ற ஒருவர் தமக்குத் தேநீர் ஊற்றிக்கொள்ளும்போது, குவளை நிறைந்ததை எவ்வாறு அறிவார் என்று எப்போதேனும் நினைத்ததுண்டா? பலர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தே அறிகிறார்கள். கொதிக்கும் நீராயினும் அப்படியே. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருப்பின், அவரோடு அமர்ந்து இதைச் செய்யுங்கள். கம்பி எவ்வளவு நீளம் வேண்டும், ஒலி எவ்வளவு உரக்க வேண்டும் என்று அவரே சொல்வார். நுனிக்குத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைப் பயன்படுத்துங்கள். செம்புக் கம்பி நாளடைவில் களிம்பேறும், குடிக்கும் பொருளில் அது ஆகாது.

கம்பிகளுக்குப் பதிலாக ஒளியுணர் மின்தடை ஒன்றைச் செருகினால், வெளிச்சம் ஒலியாக மாறும். சாளரத்தின் பக்கம் திருப்பினால் சுரம் ஏறும், நிழலில் இறங்கும். இதுவும் புதிய எண்ணமன்று. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபூர்னியே டால்ப் என்பவர், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், ஒளி பட்டால் மின்தடை குறையும் செலீனியம் என்னும் பொருளைக்கொண்டு ஆப்டஃபோன் என்னும் கருவியைச் செய்தார். அச்செழுத்தின் கறுப்பையும் வெள்ளையையும் சுரங்களாக மாற்றி, பார்வையற்றோர் காதால் படிக்க அது முயன்றது. படிக்கும் வேகம் மிகக் குறைவு, ஆகவே பரவவில்லை. ஆயினும் அறையில் விளக்கு எரிகிறதா, அணைந்ததா என்று காதால் அறிய, உங்கள் பலகையில் உள்ள சுற்றே போதும்.

கடைக்காரர் உங்களிடம், 'இவ்வளவு ஏன்? 555 வாங்கிக்கொள்ளுங்கள்' என்பார். எட்டுக் கால் உடைய அந்தச் சில்லை ஹான்ஸ் காமன்ஸிண்ட் என்பவர் 1971-இல் வடிவமைத்தார், அடுத்த ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் மின்கல அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே ஏறி இறங்குமாறு அது பார்த்துக்கொள்கிறது. மின்கலம் தளர்ந்தாலும் சுரம் பெரிதும் மாறாது. சிறு ஒலிபெருக்கியையும் நேராக இயக்கும். மிக நல்ல பொருள். கணினி நிரல் எழுதி ஒலி எழுப்பும் சிறு பலகைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு வரி எழுதினால் எந்தச் சுரமும் வரும். இவற்றை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள் என்கிறேன். இரண்டு டிரான்ஸிஸ்டர் முதலில், 555 அடுத்து, நிரல் அதற்கடுத்து. நிரலில் 700 என்று எழுதியவனுக்கு 700 கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி, முன்பு வாக்களித்த மருந்து. நண்பர்கள் இருவர் சேர்ந்து ஆளுக்கொரு சுற்றைக் கட்டுங்கள். ஒருவர் தம் சுற்றில் எதையும் மாற்றாமல் ஒலிக்கவிடட்டும். மற்றவர் தம் 100 கிலோ ஓம் மின்தடைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, 47 கிலோ ஓம் மின்தடையையும் 100 கிலோ ஓம் வரை திருகி மாற்றக்கூடிய மின்தடையையும் தொடராக வைக்கட்டும். இரண்டு தகடுகளையும் ஒரே மேசைமேல் அருகருகே வைத்துத் திருகை மெல்லத் திருப்புங்கள். இரு சுரங்களும் நெருங்க நெருங்க, ஒலி அலையடிப்பதுபோலப் பெருகியும் சிறுத்தும் கேட்கும். அதற்கு விம்மல் என்று பெயர். ஒன்று நொடிக்கு 700 முறையும் மற்றது 703 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு மூன்று விம்மல் எழும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேற்றுமையை, வெறும் காதால், விரல்விட்டு எண்ணிவிடுகிறீர்கள். தம்பூராவுக்குச் சுருதி கூட்டுபவர் செவி சாய்த்துக் கேட்பதும் இதைத்தான். திருகை இன்னும் சிறிது திருப்புங்கள். விம்மல் நொடிக்கு இரண்டாகும், ஒன்றாகும், பிறகு மூச்சு விடுவதுபோல நீளும். அந்நிலையில் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு டிரான்ஸிஸ்டரை விரலால் தொட்டு மெல்லச் சூடேற்றிப் பாருங்கள். விம்மல் என்ன செய்கிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.